பின்கட்டுக் கூரையின் ஆறு ஷீட்டுகள்

தி.நகர், சென்னை
9 ஜனவரி 2025

திரு. பரத்வாஜ் அவர்களுக்கு,

இங்கு நான் நலம். தாங்கள் மேடிசன் நகரத்துப் பனியில் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மரியாதை இத்தோடு போதும், கை வலிக்கிறது.

உன் வாட்ஸ்அப் செய்தி போன வாரம் நான் கடையில் இருக்கும்போது வந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து, "ஹாய் சிதம்பரம், எப்படி இருக்கே?" கூடவே சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்று. என் எண்ணை உன் அக்கா விசாலாக்ஷிதான் கொடுத்திருப்பார். வருஷா வருஷம் நவராத்திரிக்கு எங்கள் பாத்திரக் கடைக்குக் கிண்ணம் வாங்க வருவார். உன் பேச்சை நானும் எடுக்கமாட்டேன், அவரும் எடுக்கமாட்டார். அதனால்தான் இன்றுவரை எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் இல்லை.

மயிலாப்பூர் வீடு பில்டர் கைக்குப் போகிறது, பின்கட்டில் நாம் போட்ட ஆறு ஷீட்டும் இன்னும் விரிசல் இல்லாமல் இருக்கின்றன, இடிப்பதற்குள் ஒன்றை எடுத்து அனுப்பு, சோதித்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்கிறாய். அமெரிக்காவில் உனக்குக் கூரை இல்லையா?

ஞாபகப்படுத்துகிறேன். 1997. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கூரை ஷீட் செய்கிறோம் என்று இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் அரிவாளும் சாக்குமாகத் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் ஓரமாக ரயில் கற்றாழை வெட்டினோம். ரயில்வே போலீஸ்காரர் பிடித்து, "கயிறு திரிக்கவா?" என்று கேட்டார். நீ பெருமையாக, "இல்ல சார், சிமெண்டுல போட" என்றாய். அவர் உன் வாயை முகர்ந்து பார்த்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு மாதம் தாங்கியது.

சிமெண்டில் செடி நாரைக் கலந்தால் ஷீட் உடையாமல் வளைந்து கொடுக்கும், ஆனால் சிமெண்டின் காரம் கொஞ்ச நாளில் நாரைத் தின்றுவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நம் முதல் தொகுப்பை எதுவும் தின்னவில்லை. முப்பது ஷீட்டையும் வெந்நீரில் போட்டோம், வெயிலில் காய வைத்தோம், எதுவும் அசையவில்லை. சோதித்ததில் ஆறைத்தான் உங்கள் பின்கட்டுக்கு ஏற்றினோம். பிறகு நம் ஆராய்ச்சியை மதிப்பிடும் கமிட்டிக்காக இரண்டாவது தொகுப்பை நான் தனியாகச் செய்தேன். அதே நார், அதே சிமெண்ட், குறிப்பேட்டில் இருந்த அதே முறை. கமிட்டி முன்னால் அப்பளம் மாதிரி உடைந்தது. நம் பேராசிரியர் கலீமுல்லா குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து என்னிடம், "இந்த எண்களை நீ சமைத்திருக்கிறாய்" என்றார். அந்த அறையில் நீயும் இருந்தாய். மறுமாதம் நீ விமானம் ஏறினாய். நான் அப்பாவின் கல்லாவில் உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை.

என் கால்குலேட்டரும் உன்னிடம்தான் இருக்கிறது.

நான் மயிலாப்பூர் போகப் போவதில்லை. மேற்கொண்டு ஏதாவது சொல்வதாக இருந்தால் காகிதத்தில் எழுது, போனில் வருவதைப் படிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
வி. சிதம்பரநாதன்

•

மேடிசன்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திட்டுக்கூட உன் கையெழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. இந்த ஊரில் நல்ல பேனா தேடி வாங்குவதே ஒரு வேலையாகிவிட்டது. இதில் எழுத்து மாறி மாறித் தெரிந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே வெளியே இருபது டிகிரி கீழே. ஜன்னலில் பனி. நான் உட்கார்ந்து 5பி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பனகல் பார்க்கில் நீ ஏறுவாய், எனக்கு லஸ் வரைக்கும் இடம் பிடித்து வைப்பாய். நான் அங்கே ஏறியதும் பின்னாலிருந்து, "எட்டு மணின்னா எட்டு மணிக்கு வரமாட்டியா நீ?" என்று கத்துவாய். இந்த முப்பது வருஷத்தில் எனக்கு யாரும் அப்படி இடம் பிடித்து வைக்கவில்லை. எல்லா இடமும் முன்பதிவு.

உங்கள் வீட்டில் சாப்பிட்ட தேங்காய்ப்பால் சொதியும் ஞாபகம் இருக்கிறது. உன் அம்மா காலமானதை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

ஷீட் விஷயம். இருபத்தெட்டு வருஷம் சென்னை மழையிலும் உப்புக் காற்றிலும் செடி நார் போட்ட ஷீட் நிற்பது சின்ன சமாச்சாரம் இல்லை. இங்கே நான் வேலை பார்ப்பதும் இதே மரக்கூழ், சிமெண்ட் பலகைதான். வீட்டை மார்ச் முதல் வாரத்தில் இடிக்கிறார்கள். அதற்குள் யாராவது எடுக்காவிட்டால் குப்பை லாரியில் போய்விடும். வேறு யாரையாவது அனுப்பலாம், ஆனால் அந்த ஷீட்டை எப்படிக் கழற்ற வேண்டும் என்று தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். ஆணி எங்கே இருக்கிறது என்றுகூட உனக்குத்தான் தெரியும்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. ஷீட் கிடைக்கட்டும், பிறகு எழுதுகிறேன்.

உன் மனைவி சுந்தரவல்லிக்கு என் அன்பு. நான் அவரைப் பார்த்ததில்லை, உன்னைச் சகித்துக்கொள்பவர் என்ற மரியாதையில் சொல்கிறேன்.

உன்,
பரத்வாஜ்

•

தி.நகர், சென்னை
27 பிப்ரவரி 2025

பரத்வாஜ்,

போனேன். உனக்காக இல்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் என் மனைவி சொன்னாள்: "இருபத்தெட்டு வருஷமா அந்தக் கூரையத் தலையிலயே தூக்கிட்டு அலையுறீங்க. போய் இறக்கி வச்சிட்டுத்தான் வாங்களேன்." அவளுக்கு நான் பயப்படுவேன்.

கச்சேரி சாலைக்குப் பின்னால் உங்கள் சந்தில் இப்போது ஆட்டோ நுழையாது, கார்கள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இறங்கி நடந்தேன். உன் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "வா சிதம்பரம். ஆத்துல ஒண்ணுமே இல்லை, எல்லாம் மந்தைவெளி வாடகை ஃப்ளாட்டுக்குப் போயாச்சு. உக்கார ஒரு ஸ்டூல், காப்பிக்கு ரெண்டு டம்ளர், அவ்வளவுதான் மிச்சம்" என்றார். இரண்டு டம்ளரும் எங்கள் கடையில் வாங்கியவை.

பின்கட்டுக்குப் போய் மேலே பார்த்தேன். ஆறும் அப்படியே இருந்தன. பாசி பிடித்துக் கறுத்திருந்தன, அவ்வளவுதான். ஏணி வைத்து ஏறி, விரல் முட்டியால் தட்டினேன். மண்பானைச் சத்தம். ஓரத்தில் ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன். சுலபத்தில் உடையவில்லை. உடைந்த வாயில் நார் பொன்நிறமாக நீட்டிக்கொண்டு நின்றது, நேற்று வெட்டியது மாதிரி. ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கீழே உன் அக்கா, "என்னடா, மயக்கமா? இறங்கு" என்றார்.

காப்பி குடிக்கும்போது சொன்னேன்: "அக்கா, இதைச் செய்தது நாங்கள். இதே முறையில் திரும்பச் செய்தேன், வரவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது."

அவர் சிரித்தார். "நாங்கள்னா யாரு? நானும்தான். பத்து நாள் நான் தண்ணி விடலையா?"

"எதுக்குத் தண்ணி?"

"அந்த நாருக்குத்தான். நம்ம மொட்டை மாடியிலதானே காயப் போட்டான் பரத்து. என்னடா இதுன்னு கேட்டேன், சிமெண்ட் வேலைன்னான். சிமெண்ட்னா தண்ணி விடாம இருப்பாளா? பூசின செவுத்துக்குக் கொத்தனார் தினம் விடச் சொல்றதில்லையா? அவன் பாட்டுக்குக் கார்த்தால இருட்டோட அமெரிக்கன் கான்சுலேட் வரிசையில நிக்கப் போயிடுவான். நான் போஸ்ட் ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு குடம் கிணத்துத் தண்ணிய அது மேல கொட்டிட்டுப் போவேன். சாயந்திரம் வந்து பாத்தா பொரிஞ்சு கிடக்கும். ஐயோ காஞ்சு போச்சேன்னு மறுநாள் திரும்பவும் கொட்டுவேன்."

"பத்து நாளுமா?"

"பத்தாம் நாள்தான் அவன் பாத்தான். லபோதிபோன்னு கத்தினான். அப்பறம் அவனே, 'சிதம்பரத்துகிட்ட சொல்லிடாதே, எழுதி வெச்சபடி இல்லேன்னா சாமியாடுவான்'னான். நான் சொல்லலை. இதெல்லாம் ஒரு விஷயமா?"

பரத்வாஜ், நார் முழுக்க உன் பொறுப்பு, நான் அச்சுகளோடு இருந்தேன். குறிப்பேட்டில் உன் கையெழுத்தில் இருப்பது இது: "நார் ஒரு முறை கழுவப்பட்டது. இரண்டு நாள் உலர்த்தப்பட்டது." நான் இரண்டாவது தொகுப்புக்கு அப்படியே ஒரு முறை கழுவினேன், இரண்டு நாள் உலர்த்தினேன். ஏன் உடையாது?

வீட்டுக்கு வந்ததும் பேத்தி வயசுப் பிள்ளைகள் மாதிரி இணையத்தில் தேடினேன். திரும்பத் திரும்ப நனைத்துக் காய வைத்தால் நாரின் தண்ணீர்த் தாகம் குறைந்துவிடுமாம். சிமெண்டுக்குள் அது ஊதிச் சுருங்குவதில்லை, பிடியை விடுவதில்லை, காரமும் உள்ளே ஏறுவதில்லை. இதைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் இருக்கின்றன. உன் தொழிலே இதுதான். உனக்குத் தெரியாது என்று சொல்லாதே.

கமிட்டி அறையில் கலீமுல்லா சார் உன்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "நார் இதில் எழுதியபடிதானே தயாரானது?" நீ என்னைப் பார்க்காமல், "ஆமாம் சார்" என்றாய்.

ஏன்? எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஆறு ஷீட்டும் என் கடைக் கிடங்கில், வைக்கோலுக்கு நடுவே இருக்கின்றன.

சிதம்பரநாதன்

•

மேடிசன்
25 மார்ச் 2025

அன்புள்ள சிதம்பரம்,

ஏன் என்று கேட்டாய்.

அந்தப் பத்து நாளும் நான் ஆய்வுக்கூடத்தில் இருந்ததாக வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டிருந்தேன். விசாவுக்கும் அதற்கு வேண்டிய காகிதங்களுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். அக்கா நாரை நனைத்த கதையைச் சொன்னால், நீ எங்கே போயிருந்தாய் என்ற கேள்வி வரும். கலீமுல்லா சாரின் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் எனக்கு அமெரிக்காவில் அந்த இடம் கிடைத்திருக்காது. அவர் கேட்டபோது எனக்கு யோசிக்க மூன்று நொடி இருந்தது. அந்த மூன்று நொடியில் நான் பார்த்தது உன்னை இல்லை, அந்தக் கடிதத்தை.

நாரை நனைத்ததுதான் காரணம் என்று அன்று எனக்குத் தெரியாது. இது சத்தியம். ஆனால் எழுதியபடி நடக்கவில்லை என்று தெரியும். 2011-ல் ஒரு கருத்தரங்கில் ஒரு பெண் எழுந்து, கற்றாழை நாரைப் பத்து முறை நனைத்துக் காய வைத்த கதையைச் சொன்னாள். பத்து என்று அவள் சொன்னதும் எனக்கு எங்கள் மொட்டை மாடி தெரிந்தது. வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றே எழுதியிருக்கலாம். ஒரு வருஷம் தள்ளினால் அடுத்த வருஷம் இன்னும் கஷ்டமாகிவிடுகிறது. ஷீட்டைச் சோதித்து, கட்டுரையாக்கி, உன் பெயரை முதலில் போட்டு, அதைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை.

நேற்று கலீமுல்லா சாருக்கு எல்லாவற்றையும் மெயிலில் எழுதிவிட்டேன். எண்பத்து மூன்று வயதாகிறது, அடையாறில் மகள் வீட்டில் இருக்கிறார். என் வருகைப் பதிவு, அக்காவின் தண்ணீர், "ஆமாம் சார்", எதையும் விடவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: "சிதம்பரநாதன் ஒரு எண்ணைக்கூட மாற்றியவர் இல்லை. அவரை நீங்கள் தவறாக நினைத்ததற்கு நானே காரணம்."

கால்குலேட்டர் என்னிடம் இல்லை. முதல் வருஷமே தொலைத்துவிட்டேன். அதையும் சேர்த்துக்கொள்.

உன் கோபத்துக்கு நான் பதில் கேட்கவில்லை. கேட்டபடி கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கி. பரத்வாஜ்

•

தி.நகர், சென்னை
21 ஏப்ரல் 2025

பரத்வாஜ்,

உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே உன் மெயில் வேலை செய்துவிட்டது. அதைச் சொல்கிறேன்.

மார்ச் 27, வியாழக்கிழமை. பதினொரு மணி இருக்கும். எங்கள் கடையில் இருபது வருஷமாக இருக்கும் ஜவஹர் உள்ளே வந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர், எந்தச் செய்தியையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. "அண்ணே, ஒரு பெரியவரு வந்துக்கீறாரு. டபரா செட்டுங்கிட்ட நின்னுகினு கீறாரு. இன்னா வேணும்னு கேட்டா சிதம்பரம் தம்பி வேணும்ன்றாரு" என்றார்.

கலீமுல்லா சார். பாதியாகிவிட்டார், கையில் தடி. ஆட்டோவில் தனியாக வந்திருக்கிறார். நான் கல்லாவை விட்டு எழுந்தேன். வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேர் நின்றிருக்க, அந்த மனிதர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்தார். "உங்க விஷயத்துல நான் தப்புப் பண்ணிட்டேன் தம்பி. அதைச் சொல்லத்தான் வந்தேன். மன்னிக்கணும்."

இந்த நாளுக்காக நான் எத்தனை வசனம் தயார் செய்து வைத்திருந்தேன் தெரியுமா? கல்லாவில் உட்கார்ந்து, பில் போட்டுக்கொண்டே, வருஷக்கணக்காக மெருகேற்றியவை. "பரவாயில்லை சார், உட்காருங்க" என்றேன். டீ வரவழைத்தேன். அவர் உன் மெயிலின் கடைசி வரியை மனப்பாடமாகச் சொன்னார். ஒரு எண்ணைக்கூட மாற்றியவர் இல்லை. நான் தலையாட்டினேன். அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் ஜவஹர் கேட்கிறார்: "யாருண்ணே அது? நம்ம கைல போய் மன்னிப்பு கேட்டுகினு கீறாரு. நீ அவ்ளோ பெரிய ஆளா?"

டபரா செட்டுகளைத் துடைத்து அடுக்கச் சொன்னேன். நான் எவ்வளவு பெரிய ஆள் என்று உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதம். இதை என் மனைவிக்கும் மறுநாள் காலையில்தான் சொன்னேன்.

கமிட்டிக்கு முதல் நாள், இரண்டாவது தொகுப்பிலிருந்து நான்கு ஷீட்டை நானே எந்திரத்தில் வைத்து வளைத்துப் பார்த்தேன். தாங்கும் வலுவில் முதல் தொகுப்பு பத்துக்கு மேல் காட்டியதல்லவா, இவை நான்குக்கு அருகில். நான்கையும் நீல மையில் எழுதினேன். அப்புறம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஷீட்டுக்கு 4.3. நான்கின் திறந்த தலையை மூடிவிட்டால் ஒன்பது. மேஜையில் கறுப்புப் பேனாதான் கிடந்தது. ஒரே ஒரு கோடு. மற்ற மூன்றும் ஏதோ கோளாறு, ஒன்றாவது சரியாக வந்தது என்று சொல்லிக் கமிட்டியிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

எண்களைச் சமைத்தாய் என்று சார் சொன்னபோது நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதை நீ பண்பாடு என்று நினைத்திருப்பாய். இத்தனை வருஷமும் உன்மேல் வைத்திருந்த கோபம் உண்மைதான், அதில் ஒரு பிசுக்கும் இல்லை. ஆனால் அதற்குக் கீழே இது இருந்தது. உன்னைத் திட்டும்போதெல்லாம் இதைப் பார்க்காமல் இருக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன் அடையாறு போனேன். சார் பால்கனியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். மூன்றாவது ஷீட், நாலு, ஒன்பது, எல்லாம்.

அவர் பேப்பரை மடித்தார். "தெரியும் தம்பி. நீலத்து மேல கறுப்பு. அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்கு சார் நேத்து அவ்வளவு தூரம் வந்து கை கூப்பினீங்க?"

"ஒரு எண்ணு பொய். அதைப் பாத்துட்டு, முதல் தொகுப்போட முப்பது எண்ணையும் பொய்ன்னு அடிச்சேன். அந்த முப்பதும் நெசம். அதுக்கு நான் வந்தேன்." பிறகு சிரித்தார். கமிட்டிகளில் எல்லோரையும் நடுங்க வைத்த அதே சிரிப்பு, பல்தான் குறைந்திருக்கிறது. "அந்த ஒண்ணுக்கு நீங்க வருவீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள்ல வந்துட்டீங்க. உக்காருங்க, மக தோசை வாக்கறா."

நான்கு தோசை சாப்பிட்டேன். முதல் தொகுப்பைப் பற்றியே பேசினோம். விசாலாக்ஷி அக்காவின் குடம் எத்தனை லிட்டர் இருக்கும், ஏப்ரல் வெயிலில் நார் எத்தனை மணிக்குக் காய்ந்திருக்கும் என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். எனக்கு இருபத்தாறு வயது திரும்பி வந்தது மாதிரி இருந்தது. அந்த மாடியில் உன் ரேடியோவும், வேப்பம்பூ உதிர்ந்து நாரோடு கலந்துவிட்டது என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து நாரை எடுத்துவரப் போன அன்று மத்தியானம் முழுக்கப் பொறுக்கியதும் ஞாபகம் வந்தது. அதைச் சாரிடம் சொன்னேன். உன் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன்.

அங்கிருந்து மந்தைவெளி போனேன். உன் அக்காவிடம், அவர் கண்டுபிடித்ததை உலகம் பதினைந்து வருஷமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்றேன். "போடா, தண்ணி கொட்டினதுக்கு ஒரு கண்டுபிடிப்பா?" என்றார். ஆனாலும் கட்டுரையில் இனிஷியல் சரியாக இருக்க வேண்டுமாம். ஆர். இல்லை, உன்னுடைய அதே கி. என்று உன்னிடம் சொல்லச் சொன்னார், நீ மறந்திருப்பாயாம்.

இரண்டு ஷீட்டை மரப்பெட்டியில் கட்டி அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரத்தில் வரும். மூலைகளைத் தொடாதே, அங்கே ஆணி அடித்த அதிர்வு இருக்கும். நடுவில் வெட்டு.

கட்டுரையில் என் பெயரை முதலில் போட வேண்டாம். அக்கா பெயரைப் போடு. அப்புறம் முழுக் கதையையும் போடு. இரண்டாவது தொகுப்பின் நான்கு எண்களும் வர வேண்டும், மூன்றாவது 4.3 என்று வர வேண்டும். அடிக்குறிப்பில் இரண்டு வரி எழுது. நார் தயாரித்த முறையைத் தவறாகப் பதிவு செய்தவர் கி. பரத்வாஜ். இந்த எண்ணைத் திருத்தி எழுதியவர் வி. சிதம்பரநாதன்.

நம் இரண்டு பேருடைய பெயரும் ஒரே பக்கத்தில் அச்சாகி நான் பார்த்ததில்லை. வந்ததும் ஒரு பிரதி அனுப்பு. தபாலில்.

அன்புடன்,
சிதம்பரம்